ஒரே ஹார்ட் டிஸ்க், பல இயங்குதளங்கள்: எத்தனை பார்ட்டிஷன் வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது, செக்யூர் பூட் கேட்கிறது, மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கும் புதிய பிராசஸர் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த வாசலில் நின்றுவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் டேலிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் பழகிய விளையாட்டுகளுக்கும் விண்டோஸ் தேவைப்படுவதால் அதை ஒரேயடியாகக் கைவிட முடியவில்லை. எனவே இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைப்பது எப்படி, அதற்கு டிஸ்க்கை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்ற பழைய கேள்வி மீண்டும் வந்திருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு நீண்ட பட்டியல்: ரூட்டுக்கு ஒன்று, ஹோமுக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று, ஸ்வாப்புக்கு ஒன்று, விண்டோஸ் பக்கம் சி, டி, ஈ. இந்தப் பட்டியலில் பெரும்பகுதி இன்று தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் இயங்குதளம் இன்னொன்றோடு பகிர்ந்துகொள்ள முடியாத இடத்தில் மட்டும் எல்லைக்கோடு வேண்டும். மற்ற இடங்களில் கோடு போடுவது வருங்காலத் தேவையை இன்றே கணித்து, அந்தக் கணிப்பைக் கல்லில் செதுக்குவதாகும்.

பார்ட்டிஷன் பிறந்த கதையே இதற்கு முதல் சான்று. 1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி கணினியை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வெளியிட்டது. அதனுடன் வந்த பிசி டாஸ் 2.0 டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஓர் அட்டவணையை வைத்தது. எம்பிஆர் என்று இன்றும் நாம் சொல்வது அதைத்தான். அந்தச் செக்டாரின் மொத்த அளவு 512 பைட். அதில் 446 பைட் கணினியைத் தொடக்கும் சிறு நிரலுக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. நடுவில் மிஞ்சும் 64 பைட்டில் ஆளுக்கு 16 பைட்டாக நான்கு பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு பைட் இது எந்த இயங்குதளத்தின் பகுதி என்று சொல்லும் குறி எண். லினக்ஸுக்கு 83, என்டிஎஃப்எஸ்ஸுக்கு 07 என்று இன்றுவரை தொடர்வது அந்த எண்தான். கவனிக்க வேண்டியது இதுதான்: டாஸ் 2.0 ஒரு டிஸ்க்கில் தனக்கென ஒரே ஒரு பார்ட்டிஷனைத்தான் ஏற்றுக்கொண்டது. மீதி மூன்று இடங்கள் வேறு இயங்குதளங்களுக்கானவை. ஆக, பார்ட்டிஷன் என்ற ஏற்பாடு உருவானபோதே அதன் நோக்கம் ஓர் இயங்குதளத்துக்கு ஒரு பகுதி என்பதுதான். படங்களுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்பது யாருடைய எண்ணத்திலும் இருக்கவில்லை.

பிறகு எப்படி இத்தனை டிரைவ் எழுத்துகள் வந்தன? கோப்பு முறைமைகளின் குறைபாட்டால் வந்தன. டாஸ் 3 காலத்து ஃபேட்16 ஒரு பகுதியில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாளாது. 40 மெகாபைட் டிஸ்க் வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். அதற்காகத்தான் 1987-இல் டாஸ் 3.3 எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் அதற்குள் அடங்கும் லாஜிக்கல் டிரைவ்களையும் கொண்டுவந்தது. அந்த வரம்பு 2 கிகாபைட்டாக உயர்ந்தபின், 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பில் ஃபேட்32 வரும்வரை அதே கதை பெரிய எண்களில் நடந்தது. லினக்ஸ் பக்கமும் இதுதான் நிலை. டிஸ்க்கின் முதல் 1024 சிலிண்டர்களைத் தாண்டிப் பழைய பயாஸால் படிக்க முடியாது. எனவே கெர்னலை அந்த எல்லைக்குள் நிறுத்துவதற்காகவே தொடக்கத்தில் ஒரு சிறு பூட் பார்ட்டிஷன் வைத்தார்கள். யுனிக்ஸ் உலகின் யூஎஸ்ஆர் என்ற தனிப்பகுதிகூட 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் முதல் டிஸ்க் போதாமல் இரண்டாவது டிஸ்க்குக்குக் குடிபெயர்ந்ததன் எச்சம். இந்த வரம்புகள் எதுவும் இன்று இல்லை. வரம்பு போய்விட்டது, வழக்கம் மட்டும் வழிகாட்டி நூல்களிலும் சர்வீஸ் கடைகளிலும் நிலைத்துவிட்டது.

எம்பிஆரின் நான்கு இடங்களோ உண்மையான தொல்லை. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளில் தயாரிப்பாளரே நான்கையும் நிரப்பி அனுப்புவது சாதாரணம்: 100 மெகாபைட் சிஸ்டம் ரிசர்வ்டு, சி டிரைவ், மீட்புப் பகுதி, கருவிகளுக்கு ஒரு பகுதி. ஐந்தாவதாக ஒன்று கேட்டால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் மறுக்காது, டிஸ்க்கை டைனமிக் வகைக்கு மாற்றட்டுமா என்று பவ்வியமாகக் கேட்கும். சரி என்று அழுத்தியவர் அதன்பிறகு லினக்ஸ் நிறுவப் போனால் இடமே கிடைக்காமல் திண்டாடினார். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்துப் பெற்ற மாணவர்கள் உண்டு. இரட்டை இயங்குதளம் இங்கே ஏதோ கணினிப் பித்தர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அந்தத் தலைமுறைக் கணினிகளில் லினக்ஸ் வேண்டாம் என்று அதன் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்தால், மறுமுறை கணினியைப் போடும்போது லினக்ஸின் தொடக்க நிரலான க்ரப்பின் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். எம்பிஆரில் கிடக்கும் 446 பைட் நிரல் தன் மிச்சத்தைத் தேடிப் போகும், அந்த மிச்சம் அழிக்கப்பட்ட பகுதியில் இருந்திருக்கும். பார்ட்டிஷன் அழிந்தது டிஸ்க்கின் வலது பக்கம், கணினி நின்றது அதன் இடது ஓரத்தில். பிழை இடப்பங்கீட்டில் நேரவில்லை, தொடக்கச் சங்கிலியில் நேர்ந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது.

எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி அட்டவணையும், பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐயும் வந்தபின் கணக்கு மாறிவிட்டது. எம்பிஆர் 32 பிட் எண்ணால் செக்டார்களை எண்ணுவதால் ஏறத்தாழ 429 கோடி செக்டார், அதாவது 2.2 டெராபைட்டோடு அதன் பார்வை முடிகிறது. ஜிபிடி 64 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. வழக்கமான அமைப்பில் 128 பதிவுகள், டிஸ்க்கின் கடைசியில் அட்டவணைக்கு ஒரு மறுபிரதி, பழுதைக் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண். பழைய கருவிகள் டிஸ்க்கைக் காலி என்று நினைத்து மேலெழுதிவிடாமல் இருக்க, முதல் செக்டாரில் ஒரு காவல் எம்பிஆரையும் அது வைத்திருக்கிறது. தொடக்க நிரல்களுக்கும் இனி 446 பைட் நெருக்கடி இல்லை. ஃபேட்32-ஆல் ஆன இஎஸ்பி என்ற சிறு பார்ட்டிஷனுக்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை என்று அடுத்தடுத்து இருக்கின்றன. கடைசியாக நிறுவிய இயங்குதளம் முந்தையதன் தொடக்க நிரலை அழிக்கும் காலம் பெருமளவு போய்விட்டது. யூஇஎஃப்ஐ உள்ள பழைய கணினியில் டிஸ்க் மட்டும் எம்பிஆராக இருந்தால், விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து கூடவே வரும் மாற்றுக் கருவி கோப்புகளை அழிக்காமல் அதை ஜிபிடியாக்கிவிடும்.

128 இடங்கள் கிடைத்துவிட்டதே, இனி தாராளமாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் வாதத்தின் மையம் இருக்கிறது. இடம் எத்தனை என்பது இப்போது சிக்கல் அல்ல. போட்ட கோட்டை நகர்த்துவதுதான் சிக்கல். சி டிரைவில் 300 கிகாபைட் காலியாக இருக்கும், ஷ்ரிங்க் செய்யப் போனால் 20 கிகாபைட்தான் தர முடியும் என்று விண்டோஸ் சொல்லும். பேஜ் ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, மீட்புப் பிரதிகள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதே காரணம். லினக்ஸில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைச் சுருக்கலாம், ஆனால் அது பயன்பாட்டில் இல்லாதபோதுதான். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருக்கலாம், சுருக்க முடியாது. எந்தப் பகுதியையும் வலப்பக்கம் நீட்டுவது எளிது. இடப்பக்கம் நீட்ட வேண்டுமானால் உள்ளே இருக்கும் மொத்தத் தரவையும் இடம்பெயர்க்க வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டுக்கே இந்தக் கணிப்பு தவறியிருக்கிறது. 2024 ஜனவரியில் மீட்புச் சூழலுக்கான ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. மீட்புப் பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாத கணினிகளில் அது நிறுவ மறுத்துத் தோற்றது. அந்தப் பகுதியை 250 மெகாபைட் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று கட்டளை வரிகளை வீட்டுப் பயனர்களிடம் கொடுத்தார்கள். இயங்குதளத்தை எழுதியவர்களே தங்கள் ஒரு பார்ட்டிஷனின் அளவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்றால், ஏழெட்டுப் பகுதிகளின் அளவை ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே கணிக்க நம்மால் எப்படி முடியும்?

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது, பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பற்றியது. ஹோமைத் தனிப் பகுதியாக வைத்தால் லினக்ஸைப் புதிதாக நிறுவும்போது சொந்தக் கோப்புகள் பிழைக்கும் என்பார்கள். உண்மைதான். சில மாதங்களுக்கு ஒருமுறை விநியோகத்தை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. மற்றவர்களுக்கு அதே பலன் வேறு வழியில் கிடைக்கிறது. 2020-இல் ஃபெடோரா 33 தன் டெஸ்க்டாப் பதிப்புகளில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை இயல்பாக்கியது. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனித் துணைத்தொகுதிகள், ஆனால் இரண்டுக்கும் காலி இடம் பொது. ஒன்று நிரம்பி மற்றது காலியாகக் கிடக்கும் கொடுமை இல்லை. ஆப்பிளும் 2017-இல் மேக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ்ஸில் இதே வழியைத்தான் பிடித்தது. உபுண்டு 17.04 பதிப்பிலிருந்து ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷனைக் கைவிட்டு ஒரு கோப்பாக மாற்றிக்கொண்டது, வேண்டும்போது அளவை மாற்றலாம் என்பதற்காக. தொழில் போகும் திசையே கோடுகளைக் குறைக்கும் திசைதான். ஒரே ஹோமை இரண்டு லினக்ஸ் விநியோகங்கள் பகிரலாம் என்ற யோசனையோ நடைமுறைக்கு உதவாதது. புதிய பதிப்பு எழுதிய அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பு படித்துக் குழம்பும்.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. டி டிரைவில் வைத்தால் சி போனாலும் தரவு தப்பும் என்பது நம் ஊரில் வேதவாக்கு. விண்டோஸ் மட்டும் பழுதாகி மீண்டும் நிறுவும்போது இது உதவும், அவ்வளவே. டிஸ்க்கே போனால் சியும் டியும் சேர்ந்தே போகும். எஸ்எஸ்டியில் இந்தக் கோடுகளுக்கு இடமே கிடையாது. தேய்மானத்தைச் சமன் செய்ய அதன் கட்டுப்பாட்டுச் சிப் எல்லாப் பகுதிகளின் தரவையும் சிப்கள் முழுவதும் கலந்தே எழுதுகிறது. நாம் பார்க்கும் எல்லை அட்டவணையில் மட்டும் இருக்கிறது. காப்பு நகலுக்கு இன்னொரு டிஸ்க்தான் வழி, இன்னொரு பார்ட்டிஷன் அல்ல. மூன்றாவது, வேகம். சுழலும் டிஸ்க்கில் வெளி வட்டம் உள்வட்டத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமாகப் படிக்கும், செக்டார் எண்ணிக்கையும் வெளியிலிருந்தே தொடங்கும். எனவே இயங்குதளத்தை முன்னால் வை என்ற அறிவுரைக்கு அர்த்தம் இருந்தது. எஸ்எஸ்டிக்கு அது பொருந்தாது.

இன்னும் அடிப்படையான மறுப்பு ஒன்று இருக்கிறது: இரட்டை இயங்குதளமே தேவையா? விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, 2020-இல் பரவலான அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு, எப்போதாவது ஒரு லினக்ஸ் கருவி தேவைப்படுபவருக்கு, இது போதும். டிஸ்க்கை வெட்டுவது அவர்களுக்கு வீண் வேலை. ஆனால் 4 கிகாபைட் ரேம் உள்ள பழைய கணினியில் இரண்டு இயங்குதளங்களை ஒருசேர ஓட்டினால் இரண்டுமே நகராது. கிராஃபிக்ஸ் அட்டையை முழுதாக வேலை வாங்கும் பணிகளுக்கும், விண்டோஸை மெல்ல மெல்ல விட்டு வெளியேற நினைப்பவருக்கும் தனிப் பகுதியே சரி. விண்டோஸ் 10 கைவிடப்பட்டதால் இந்தக் கேள்விக்கு வந்தவர்களில் பலர் இந்த வகை.

பங்காளிகள் நிலத்தைப் பிரிக்கும்போது வரப்பில் வரும் சண்டையைவிடப் பொதுக் கிணற்றில் வரும் சண்டையே நீடிக்கும். இரட்டை இயங்குதளத்திலும் அப்படித்தான், தகராறு வருவது இரண்டும் கைவைக்கும் இடங்களில். முதலாவது இஎஸ்பி. விண்டோஸ் நிறுவி தானாக உருவாக்கும் இஎஸ்பி பெரும்பாலும் 100 மெகாபைட். க்ரப்புக்கு அது போதும். கெர்னலையே இஎஸ்பியில் வைக்கும் லினக்ஸ் விநியோகங்களுக்கு இரண்டாவது கெர்னல் வரும்போதே இடம் தீர்ந்துவிடும். இரண்டாவது, செக்யூர் பூட். 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழுதுள்ள பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைத் தடுக்கும் பட்டியலை மதர்போர்டுக்குள் எழுதியது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. தொட்டுவிட்டது. பலருடைய லினக்ஸ் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற ஒற்றை வரியோடு தொடங்க மறுத்தது. சிக்கல் முற்றாகத் தீர 2025 மே மாதமானது. இதில் எந்தப் பார்ட்டிஷனும் அழியவில்லை, எந்தக் கோடும் நகரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. கெர்னலின் நிலை டிஸ்க்கில் உறைய வைக்கப்படுகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் பகுதியில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸின் நினைவும் டிஸ்க்கின் உண்மை நிலையும் முரண்படும். அதனால்தான் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. இதற்கு அடிப்படையான ஹைபர்னேட் வசதியை அடியோடு நிறுத்திவிடுவது நல்லது. நான்காவது சின்ன விஷயம், ஆனால் நம்மை எரிச்சலூட்டும்: மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். ஏதாவது ஒரு பக்கம் ஒரு அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. ஐந்தாவதைத்தான் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. பிறகு செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம். அது கையில் இல்லாதவருக்குத் தன் சொந்தத் தரவே அந்நியமாகிவிடும்.

இரண்டுக்கும் பொதுவான தரவுப் பகுதி வேண்டுமானால் எந்தக் கோப்பு முறைமை? ஃபேட்32-இல் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது, ஒரு திரைப்படக் கோப்பே தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வரம்பு இல்லை, ஆனால் ஜர்னல் இல்லாததால் மின்தடை நேரத்தில் சேதத்துக்கு வாய்ப்பு அதிகம். என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஜர்னல் உண்டு, 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே எழுதும் வசதியும் உண்டு. இன்றைய நிலையில் என்டிஎஃப்எஸ்ஸே தேர்வு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைக்கப்பட்டிருந்தால் மட்டும்.

இத்தனையையும் ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். கடையில் 512 கிகாபைட் என்று விற்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்காக எண்ணுகிறது. இதில் இஎஸ்பிக்கு 1 கிகாபைட். இதை விண்டோஸுக்கு முன்பே உருவாக்கிவிட வேண்டும், இருக்கும் இஎஸ்பியை அது ஏற்றுக்கொள்ளும். அடுத்து விண்டோஸ் தனக்கென எடுக்கும் 16 மெகாபைட். விண்டோஸுக்கு 150, அதன் மீட்புப் பகுதிக்கு 1, பொதுத் தரவுக்கு 184. பிறகு லினக்ஸுக்கு ஒரே பகுதியாக 80. கடைசியில் 60 கிகாபைட்டை யாருக்கும் ஒதுக்காமல் விட்டுவிடலாம். இந்த வெற்றிடம்தான் திட்டத்தில் முக்கியமான பகுதி. லினக்ஸ் நெருக்கடிக்கு வந்தால் வலப்பக்கம் நீட்டுவது ஓடிக்கொண்டிருக்கும்போதே முடியும். புதிய விநியோகம் ஒன்றைச் சோதிக்க விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. டிஸ்க் முழுவதையும் முதல் நாளே பங்குபோட்டுத் தீர்ப்பவருக்கு இந்த வசதி இல்லை.

மதர்போர்டில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருந்தால் மேற்சொன்ன கணக்கே வேண்டாம். விண்டோஸ் ஒன்றில், லினக்ஸ் மற்றொன்றில், ஒவ்வொன்றுக்கும் சொந்த இஎஸ்பி. விண்டோஸை நிறுவும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது அங்கே தன் தொடக்கக் கோப்புகளை எழுத வாய்ப்பில்லாமல் போகும். ஒரே டிஸ்க்தான் என்றால், எந்தக் கோட்டையும் தொடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடியுங்கள்: முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள், 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.